எண்ணிக்கை நார்மல், வேலை மட்டும் நடக்கல: ரெண்டு பிள்ளைங்களோட வெள்ளை அணுவும் கால்சியமும்

ஒரே வீட்டுல பிறந்த ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க, அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க. பிறந்த கொஞ்ச நாள்லயே ரெண்டு பேருக்கும் இன்ஃபெக்‌ஷன் மேல இன்ஃபெக்‌ஷன், ஒண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்தது. ஒரு பிள்ளை 11 மாசத்துல இறந்து போச்சு. இன்னொரு பிள்ளைக்கு ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் பண்ணி காப்பாத்தினாங்க. 1990கள்ல ஜெர்மனில பாத்த கேஸ் இது, 1996ல பேப்பரா வந்துச்சு, ஆனா கோளாறு எந்த ஜீன்லன்னு தெரியிறதுக்கு 2006 வரைக்கும் ஆச்சு.

நான் சிங்கப்பூர்ல ஒரு லேப்ல ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷின்ல (செல்ல ஒண்ணொண்ணா லேசர் வெளிச்சத்துல ஓட விட்டு பாக்குறது) வேலை பாக்குறேன். புதுசா சேர்ற பசங்களுக்கு வெள்ளை அணு பத்தி சொல்லித் தரணும்னா இந்த கேஸ்ல இருந்து தான் ஆரம்பிப்பேன், ஏன்னா இதை புரிஞ்சிக்கிட்டா எதிர்ப்பு சக்தின்னு பொதுவா சொல்றோமே அது உள்ள எப்படி ஓடுதுன்னு பாதி புரிஞ்சிடும். தமிழ்ல இதை முழுசா யாரும் எழுதி நான் பாத்ததில்ல, நம்ம ஆளுங்க தெரிஞ்சிக்க வேண்டிய விஷயம் இதுல நிறைய இருக்கு, அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல ரிப்போர்ட். இந்த மாதிரி குழந்தை வந்தா டாக்டர்ங்க மனசுல முதல்ல வர்ற பேரு ஸ்கிட், அதாவது பிறவிலயே எதிர்ப்பு சக்தி மொத்தமா இல்லாத நோய். வழக்கமான ஸ்கிட்ல ரத்தத்த எண்ணிப் பாத்தா டி செல் (கிருமிய எதிர்க்கிற ஒரு வகை வெள்ளை அணு) இருக்காது, இருந்தாலும் பேருக்கு தான் இருக்கும், பாத்த உடனே தெரிஞ்சிடும். இந்தப் பிள்ளைங்களுக்கு எண்ணிப் பாத்தா டி செல் இருக்கு, பி செல் (ஆன்டிபாடி செய்யுற வெள்ளை அணு) இருக்கு, எண்ணிக்கைல குறை சொல்ல ஒண்ணுமில்ல. வெறும் எண்ணிக்கைய மட்டும் பாத்து ஒருத்தர் நார்மல்னு எழுதி அனுப்பியிருந்தா அதுல தப்பும் சொல்ல முடியாது.

ஆனா அந்த செல்ல தனியா எடுத்து லேப்ல தூண்டி விட்டுப் பாத்தா எதுவுமே நடக்கல. நல்ல டி செல்ல தூண்டினா ரெண்டு மூணு நாள்ல பெருத்து பெருகி, ஐஎல்-2ன்னு ஒரு புரதத்தை வெளிய விடும், அதை குடிச்சு தானும் பக்கத்துல இருக்கிற செல்லும் பெருகும். இந்தப் பிள்ளைங்க செல் ஐஎல்-2 விடல, இன்டர்ஃபெரான் காமாங்கிற இன்னொரு சிக்னல் புரதமும் விடல, பெருகவும் இல்ல. அதாவது ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க, வேலை மட்டும் நடக்கல.

இங்க தான் கால்சியம் வருது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடுறேன், கால்சியம்னு சொன்ன உடனே தேக்கா மார்க்கெட்ல பாக்குற ஆன்ட்டிங்க கேக்குறது ஒரே கேள்வி தான், அப்ப பால் நிறைய குடுத்தா சரியாயிடுமா, கால்சியம் மாத்திரை போடலாமான்னு. ஆகாது. ரத்தத்துல கால்சியம் குறையுறது வேற நோய். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ரத்தத்துல கால்சியம் சரியா தான் இருக்கும், செல்லுக்கு வெளிய தாராளமா இருக்கும், பிரச்சனை அது உள்ள போகாதது. எவ்வளவு பால் குடுத்தாலும் வெளிய தான் சேரும்.

ஒரு டி செல் சும்மா இருக்கும்போது அதுக்குள்ள ஓடுற கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார், வெளிய ரத்தத்துல இருக்கிறது ஒரு மில்லிமோலருக்கு மேல. கணக்கு போட்டா வெளிய 10,000 மடங்குக்கும் மேல அதிகம். இந்த வித்தியாசத்தை காப்பாத்த செல் ராத்திரி பகலா பம்ப் பண்ணி கால்சியத்தை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, கொஞ்சத்தை உள்ள எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு ஒரு பையில சேத்தும் வைக்குது (லேப்ல எல்லாரும் இஆர்னு தான் சொல்லுவோம்). ஏன் இவ்வளவு சக்திய செலவழிச்சு இதை பண்ணுதுன்னா, வித்தியாசம் பெருசா இருந்தா தான் ஒரு சின்ன வழிய திறந்தாலே உள்ள அளவு சட்டுனு ஏறும், அந்த ஏத்தத்தையே செல் ஒரு சிக்னலா எடுத்துக்கலாம்.

இப்ப ஒரு கிருமியோட துண்டை இன்னொரு செல் தூக்கி காட்டுது, டி செல்லோட ரிசப்டர் அதை பிடிக்குது. பிடிச்ச உடனே உள்பக்கம் எல்சிகே, சாப்-70ன்னு ரெண்டு நொதி வேலை ஆரம்பிக்குது, அது மூலமா பிஎல்சி காமா-1 வருது, அது செல் சவ்வுல இருக்கிற ஒரு கொழுப்பை வெட்டி ஐபி3ன்னு ஒரு சின்ன மூலக்கூறை விடுது, ஐபி3 போய் இஆர் பையில இருக்கிற சேனலை (கால்சியம் போற வழியா இருக்கிற புரதத்தை) திறந்து விடுது, சேத்து வச்ச கால்சியம் வெளிய கொட்டுது. இவ்வளவும் நொடிக்கணக்குல நடக்கிற சமாச்சாரம். ஆனா இஆர்ல இருக்கிறது கொஞ்சம் தான், சீக்கிரம் தீர்ந்திடும், அதை வச்சு டி செல் தன்னோட வேலைய முடிக்க முடியாது. வெளிய இருக்கிறது உள்ள வரணும், வந்துக்கிட்டே இருக்கணும்.

அது எப்படி வருதுன்னு பல வருஷமா தேடினாங்க. ஜேம்ஸ் புட்னிங்கிற ஆராய்ச்சியாளர் 1986ல ஒரு கருத்து சொன்னாரு, உள்ள இருக்கிற பை காலியாகுறது தான் வெளிப்பக்க வழிய திறக்குதுன்னு. நம்ம எச்டிபி (அரசு அடுக்குமாடி) பிளாக் மொட்டை மாடி தண்ணி டேங்க்ல மிதவை வால்வு இருக்குல்ல, தண்ணி மட்டம் இறங்கினா மிதவை இறங்கி வால்வு தானா திறந்து தண்ணி ஏறும், யாரும் போய் திறக்க வேண்டியதில்ல, இதுவும் அதே முறை. 1989ல ரிச்சர்ட் லூயிஸும் மைக்கேல் காஹலனும் டி செல்ல கால்சியம் உள்ள வரும்போது ஓடுற இந்த சின்ன கரன்ட்டை அளந்தாங்க, 1992ல ஹோத்தும் பென்னரும் மாஸ்ட் செல்ல (அலர்ஜில வேலை செய்யுற செல்) பாத்து அதுக்கு கிராக் கரன்ட்னு பேர் வச்சாங்க. கரன்ட் இருக்குன்னு தெரியும், எந்த புரதம் அதை விடுதுன்னு தெரியாது. ஒரு தனி சேனல் விடுற கரன்ட் அவ்வளவு சின்னது, நேரா அளக்குறதுக்கே வழியில்ல, அதனால புரதத்தை பிடிக்கிறது இழுத்துக்கிட்டே போச்சு.

சரி, உள்ள வந்த கால்சியம் என்ன பண்ணுது. கால்மோடுலின்னு ஒரு புரதத்துல ஒட்டிக்கிட்டு கால்சிநியூரின்ங்கிற நொதிய எழுப்பி விடுது. கால்சிநியூரின் போய் என்ஃபேட்ங்கிற புரதத்து மேல இருக்கிற பாஸ்பேட்டை எல்லாம் கழட்டி விடுது, கழட்டினா தான் என்ஃபேட் நியூக்ளியஸுக்குள்ள போக முடியும், போய் ஐஎல்-2 ஜீனை ஆன் பண்ணும். இதுல எல்லாரும் கவனிக்காம விடுற இடம் ஒண்ணு இருக்கு. என்ஃபேட் உள்ள போயிட்டா போனது தான்னு இல்ல. கால்சியம் இறங்கினா சில நிமிஷத்துலயே திரும்ப பாஸ்பேட் ஏறி வெளிய வந்துடும். ஜீன் ஒழுங்கா ஓடணும்னா கால்சியம் மணிக்கணக்குல உசரத்துல நிக்கணும். சும்மா ஒரு தடவை குபுக்குனு வந்துட்டு போறது போதவே போதாது.

இதை வச்சு அந்த ரெண்டு பிள்ளைங்க கேஸுக்கு வருவோம். 1996ல அந்தக் கேஸை ஆராய்ஞ்ச ஸ்டெஃபான் ஃபெஸ்கேவும் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சது என்னன்னா, இந்த டி செல்ல தூண்டினா என்ஃபேட் போய் டிஎன்ஏல ஒட்டல. அப்ப யாரா இருந்தாலும் என்ஃபேட்ல தான் கோளாறுன்னு நினைப்பாங்க, அது தான் நியாயமான சந்தேகமும். ஆனா அவங்க அதோட நிக்காம ஒவ்வொரு படியா மேல ஏறினாங்க. ஃபெஸ்கே அமெரிக்கா போய் அஞ்சனா ராவ் லேப்ல சேந்தாரு, கால்சிநியூரின் என்ஃபேட் பாதைய விளக்கினதுல பெரிய பங்கு உள்ளவங்க அவங்க, இந்தியால பிறந்தவங்க. 2001ல அங்க இருந்து வந்த பேப்பர் கோளாறு என்ஃபேட்ல இல்ல, அதுக்கு மேல கால்சியம் உள்ள வர்றதுல தான்னு காட்டுச்சு. 2005ல இன்னும் தெளிவாச்சு, இஆர் பை ஒழுங்கா காலியாகுது, கிராக் கரன்ட் மட்டும் இல்லவே இல்ல.

கால்சியம் உள்ள வருதான்னு பாக்குற டெஸ்ட் எப்படி பண்றோம்னு கொஞ்சம் கிட்டப் போய் காட்டுறேன், இது தான் என்னோட வேலை.

ரத்தம் பச்சை மூடி டியூப்ல வரணும், ஹெப்பாரின் போட்டது. ஊதா மூடி டியூப்ல இடிடிஏ இருக்கும், இடிடிஏ கால்சியத்தை இறுக்கி பிடிச்சுக்கும், எண்ணிக்கை பாக்குற சிபிசிக்கு அது தான் சரியான டியூப், செல் வேலை செய்யுதான்னு பாக்குற டெஸ்டுக்கு நாங்க அதை எடுக்க மாட்டோம். ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது, ஏசி ரூம் சூட்டுலயே வரணும், வெளிய வெயில்ல வேன்ல கிடக்கவும் விடக் கூடாது. கூடவே நோய் இல்லாத ஒருத்தரோட ரத்தத்தை அதே நேரத்துல எடுத்து அதே பையில அனுப்பணும், இல்லன்னா ஸ்கிரீன்ல கால்சியம் ஏறாம இருந்தா நோயா இல்ல வழில செல் செத்துப் போச்சான்னு சொல்ல முடியாது. நர்ஸ் கிட்ட இதை சொல்லும்போது ஏன் இவ்வளவு பாடுன்னு கேப்பாங்க, அந்த கன்ட்ரோல் டியூப் இல்லாத ரிசல்ட்டை நான் ரிசல்ட்டாவே எடுத்துக்க மாட்டேன்.

வெள்ளை அணுவை பிரிச்சு இண்டோ-1ன்னு ஒரு சாயம் ஏத்தி, வெளிச்சம் படாம வைப்போம். இந்த சாயம் கால்சியம் பிடிச்சா ஒரு நிறம், பிடிக்கலன்னா ஒரு நிறம், ரெண்டோட விகிதம் ஏறினா உள்ள கால்சியம் ஏறுதுன்னு அர்த்தம். டியூப்பை 37 டிகிரில வச்சு மெஷின்ல ஏத்தினா ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா ஒரு பட்டை கிடைமட்டமா ஓடும், அது தான் சும்மா இருக்கிற நிலை. வெளிய கால்சியமே இல்லாத திரவத்துல தான் முதல்ல வச்சிருப்போம். டியூப்பை வெளிய எடுத்து தாப்சிகார்கின் ஒரு துளி விட்டு சட்டுனு திரும்ப மாட்டணும், அந்த சில நொடி ஸ்கிரீன்ல ஒரு வெத்து இடம் விழும். தாப்சிகார்கின் இஆர் பம்பை நிறுத்திடும், அதனால பை கசிஞ்சு காலியாகும், பட்டை ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். இப்ப மறுபடி எடுத்து கால்சியம் விடுறோம். நல்ல ஆளோட செல்லா இருந்தா பட்டை மொத்தமா செங்குத்தா ஏறி மேலயே நிக்கும், பாக்கவே மனசு நிறைஞ்சிடும். கிராக் சேனல் (அந்த கிராக் கரன்ட்டை விடுற வழி) வேலை செய்யாதவங்க செல்லா இருந்தா முதல் மேடு அப்படியே எல்லாரையும் போல வரும், கால்சியம் விட்டதுக்கு அப்புறம் ஒண்ணும் வராது, பட்டை தரையோட போய்க்கிட்டே இருக்கும்.

அந்த முதல் மேடு தான் இதுல எனக்கு ரொம்ப முக்கியம். அது வருதுன்னா பை இருக்கு, நிறைஞ்சிருக்கு, காலியும் ஆகுது. தாப்சிகார்கினுக்கு பதிலா ரிசப்டர் வழியா தூண்டியும் அதே மேடு வந்துச்சுன்னா ரிசப்டர், சாப்-70, பிஎல்சி, ஐபி3 எல்லாரும் அவங்கவங்க வேலைய செஞ்சிட்டாங்க. மிச்சம் இருக்கிறது ஒரே இடம். ஜெர்மனி பிள்ளைங்களோட செல்ல பாத்ததும் இதே தர்க்கத்துல தான், அவங்க மைக்ரோஸ்கோப் கீழ ஃபூரா-2 சாயம் வச்சு பாத்தாங்க. ஃபூரா-2 1985ல ரோஜர் சியென் லேப்ல இருந்து வந்தது, அவருக்கு 2008ல நோபல் கிடைச்சது பச்சை ஒளிர் புரதத்துக்காக, ஆனா கால்சியம் பாக்குற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அவர் செஞ்ச பெரிய உபகாரம் இந்த சாயங்க தான்னு நான் சொல்லுவேன்.

அடுத்து ஜீன் எதுன்னு கண்டுபிடிக்கணும். நோய் வந்த பிள்ளைங்க ரெண்டே பேர், ரெண்டு பேரை வச்சு மொத்த ஜீனோம்ல தேட முடியாது. இங்க அவங்க பண்ணது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. குடும்பத்துல மத்தவங்க ரத்தத்தையும் வாங்கி பாத்தாங்க, எல்லாரும் நல்லா இருக்கிறவங்க, ஒரு நோயும் இல்ல. ஆனா வெளிய கால்சியத்தை குறைச்சு வச்சு கவனமா அளந்தா, அப்பா அம்மாவுக்கும் இன்னும் சில சொந்தக்காரங்களுக்கும் கால்சியம் உள்ள வர்ற வேகம் மத்தவங்களை விட கம்மியா இருந்துச்சு. அதாவது கெட்ட ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கிறவங்களை நோய் இல்லாமலே லேப்ல அடையாளம் பிடிச்சிட்டாங்க. இப்ப ரெண்டு பேர் இல்ல, ஒரு பெரிய குடும்பமே கணக்குக்கு வந்துடுச்சு, அதை வச்சு 12வது குரோமோசோம்ல ஒரு பகுதிக்கு குறுக்கிட்டாங்க. அந்த பகுதிலயும் நிறைய ஜீன் இருக்கு.

இன்னொரு பக்கம் பழ ஈ செல்ல வச்சு ஒவ்வொரு ஜீனா அணைச்சு, எதை அணைச்சா என்ஃபேட் நியூக்ளியஸுக்குள்ள போக மாட்டேங்குதுன்னு பாத்தாங்க. அதுல ஸ்டிம் வந்துச்சு (மனுஷங்க கிட்ட இருக்கிறது ஸ்டிம்1), அது 2005லயே தெரிஞ்சது, இஆர் பைக்குள்ள கால்சியம் எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கிட்டு, குறைஞ்ச உடனே கூட்டமா சேந்து செல் சவ்வு பக்கம் போற புரதம். கூடவே பேர் தெரியாத ஒண்ணும் வந்துச்சு. அந்த பேர் தெரியாததோட மனுஷ ஜோடி எங்க இருக்குன்னு தேடினா, 12வது குரோமோசோம்ல, அதே பகுதிக்குள்ள! ரெண்டு தனித்தனி வழில வந்து ஒரே ஜீன்ல முட்டினாங்க. அதுக்கு தான் ஓராய்1னு பேர் வச்சாங்க. பிள்ளைங்க டிஎன்ஏவை படிச்சா அந்த புரதத்தோட 91வது இடத்துல ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலம் இருக்கணும், அதுக்கு பதிலா டிரிப்டோஃபான்ங்கிற வேற அமினோ அமிலம் இருந்துச்சு. ஒரே ஒரு எழுத்து மாறினதால வந்தது. நல்ல ஓராய்1ஐ அந்த செல்லுக்குள்ள போட்டு பாத்தாங்க, கால்சியம் திரும்ப உள்ள வந்துச்சு. 2006ல இது வெளிவந்துச்சு, அதே வருஷம் வேற ரெண்டு குழுவும் பழ ஈ வழியா இதே ஜீனுக்கு வந்து சேந்தாங்க.

அப்புறம் 2012ல பழ ஈ ஓராயோட வடிவத்தை பாத்தப்ப ஆறு துண்டு வட்டமா சேந்து நடுவுல ஒரு ஓட்டை இருக்கிறது தெரிஞ்சது, மனுஷ புரதத்துல 91னு சொல்ற இடம் அந்த ஓட்டையோட உள்பக்க முனைல வருது. அங்க டிரிப்டோஃபான் மாதிரி தண்ணி ஒட்டாத பருத்த ஒண்ணு ஆறு பக்கமும் வந்து உக்காந்தா கால்சியம் எப்படி போகும். சேனல் இருக்கு, இருக்க வேண்டிய இடத்துக்கும் போகுது, ஸ்டிம்1 வந்து தட்டவும் தட்டுது, ஓட்டை மட்டும் அடைஞ்சு போயிருக்கு.

டிரான்ஸ்பிளான்ட் பண்ண பிள்ளை விஷயத்துக்கு வரேன். புது ஸ்டெம் செல்ல இருந்து புது வெள்ளை அணு வந்துச்சு, எதிர்ப்பு சக்தி வந்துச்சு. ஆனா ஓராய்1 வெள்ளை அணுவுல மட்டும் இல்ல, உடம்பு பூரா இருக்கு. அதனால தசை பலவீனம் அப்படியே நின்னுச்சு, பல்லோட எனாமல் சரியா கெட்டியாகல, வேர்வை சுரக்கல. வேர்வை சுரப்பியும் கால்சியம் உள்ள வந்தா தான் உப்பை வெளிய விட்டு வேர்வைய இழுக்கும். இதை படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர் வெயில் தான் ஞாபகம் வரும், வருஷம் பூரா 30 டிகிரிக்கு மேல போற ஊர்ல வேர்க்காத பிள்ளை எப்படி ஸ்கூல் திடல்ல ஓடும், அந்த அம்மா எத்தனை தடவை நெத்திய தொட்டு பாப்பாங்க. டிரான்ஸ்பிளான்ட் ஆயிடுச்சு, முடிஞ்சதுன்னு ஃபைலை மூட முடியாத நோய் இது.

ஸ்டிம்1 ஜீன் கெட்டாலும் ஏறக்குறைய இதே படம் தான், 2009ல அப்படி ஒரு குடும்பம் பதிவாச்சு. அதுல கூடுதலா ஒண்ணு, எதிர்ப்பு சக்தி குறைவா இருக்கும்போதே தன் ரத்த அணுவையே தாக்குற ஆட்டோஇம்யூன் கோளாறும் வருது, ஏன்னா அடக்கி வைக்கிற ரெகுலேட்டரி டி செல்லுக்கும் இதே கால்சியம் தேவை. என்கே செல் (கிருமி புகுந்த செல்ல கொல்லுற இன்னொரு வகை வெள்ளை அணு) கொல்லுறதுக்கும் இது தான் வேணும். பி செல் ஆன்டிபாடி அளவு ரிப்போர்ட்ல நல்லாவே இருக்கலாம், ஆனா தடுப்பூசி போட்டா அதுக்குன்னு ஆன்டிபாடி வராது. இதுலயும் அளவை மட்டும் பாத்து ஏமாந்துடலாம்.

இதே பாதைய நாம மருந்தாவும் தினமும் அடைக்கிறோம்னு சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். கிட்னி மாத்தி வச்ச அங்கிள்ங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க, சைக்ளோஸ்போரின் இல்ல டாக்ரோலிமஸ் போடுவாங்க. சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணுல கிடைச்ச ஒரு பூஞ்சைல இருந்து வந்தது, டாக்ரோலிமஸ் ஜப்பான்ல சுகுபா மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியால இருந்து, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா ரெண்டும் போய் அடைக்கிறது அதே கால்சிநியூரினை தான், 1991ல அது தெரிஞ்சது. கால்சியம் உள்ள வரும், அடுத்த படி நடக்காது, என்ஃபேட் வெளியவே நிக்கும், புது கிட்னிய டி செல் தாக்காது. அந்த அங்கிள்ங்க கூட்டத்துல மாஸ்க் போடுறதும், லைவ் தடுப்பூசி வேண்டாம்னு டாக்டர் சொல்றதும் இதனால தான். அவங்களுக்கு அளவா அடைக்கிறோம், ரத்தத்துல மருந்து அளவை பாத்து பாத்து கூட்டிக் குறைக்கிறோம், அந்தப் பிள்ளைங்களுக்கு பிறவிலயே முழுசா அடைஞ்சு போச்சு.

இப்ப சிங்கப்பூர் விஷயம். இங்க பிறந்த குழந்தைக்கு குதிங்கால்ல குத்தி எடுக்கிற ரத்தத்துல ஸ்கிட்டும் பாக்குறாங்க, ரொம்ப நல்ல காரியம். அதுல பாக்குறது ட்ரெக்னு ஒண்ணு. டி செல் நெஞ்சுக்குள்ள இருக்கிற தைமஸ்ங்கிற உறுப்புல உருவாகும்போது தன் ரிசப்டர் ஜீனை வெட்டி ஒட்டும், வெட்டின துண்டு ஒரு குட்டி டிஎன்ஏ வளையமா செல்லுக்குள்ள மிச்சம் கிடக்கும், அதை எண்ணினா புது டி செல் எவ்வளவு வருதுன்னு தெரியும். 2008ல அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலம் தான் முதல்ல எல்லா குழந்தைக்கும் ஆரம்பிச்சாங்க. வழக்கமான ஸ்கிட் குழந்தைங்களை இது உடம்பு கெடுறதுக்கு முன்னாடியே பிடிச்சிடும், எத்தனையோ உயிரை காப்பாத்தியிருக்கு. ஆனா ஓராய்1, ஸ்டிம்1 கோளாறுல டி செல் உருவாகுறதுல குறை இல்ல, வளையமும் இருக்கும், ட்ரெக் நார்மல்னு வர வாய்ப்பு அதிகம். டெஸ்ட் மேல தப்பில்ல, அது எண்ணுற டெஸ்ட், எண்ணிக்கைல இல்லாத நோய அது எப்படி காட்டும்.

இன்னொண்ணு பிசிஜி தடுப்பூசி. இங்க பிறந்த உடனே போடுறாங்க, டிபிக்காக, அது உயிருள்ள பாக்டீரியா. சாதாரண குழந்தைக்கு ஒரு தழும்போட போயிடும், டி செல் வேலை செய்யாத குழந்தைக்கு அதே பாக்டீரியா உடம்பு பூரா பரவலாம். இங்கிலாந்துல 2021ல இருந்து பிசிஜிய பிறந்த உடனே போடாம 28 நாளுக்கு தள்ளி வச்சதே ஸ்கிட் ரிசல்ட் கைக்கு வரட்டும்னு தான். நம்ம ஊர்ல எல்லாருக்கும் தள்ளி வைக்கணும்னு நான் சொல்ல வரல, குடும்பத்துல காரணம் இருக்கிறவங்க முன்கூட்டியே வாய திறந்து சொல்லணும்னு சொல்றேன்.

இது என் குடும்பத்துலயே வந்துச்சு. என் சித்தி பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்க மாமா பசங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரை கட்டினவங்க, பெரியவ தஞ்சாவூர்ல, சின்னவ இங்க செங்காங்ல. பெரியவளோட முதல் குழந்தை நிமோனியா நிமோனியான்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு ஒரு வயசுக்குள்ளயே போயிடுச்சு. ஏன்னு யாருக்கும் தெரியாது, ரத்தத்துல எல்லாம் நார்மல்னு தான் சொன்னாங்கன்னு சித்தி அழுதுக்கிட்டே சொல்லுவாங்க. சின்னவ மாசமா இருந்தப்ப எனக்கு போன் பண்ணி, "அக்கா, இங்க தான் ஸ்கிரீனிங் எல்லாம் பண்றாங்களே, எதுவா இருந்தாலும் அதுல தெரிஞ்சிடும்ல?"ன்னு கேட்டா. "எல்லாமே தெரியாதும்மா, உன் அக்கா குழந்தை விஷயத்தையும் நீங்க சொந்தத்துல கட்டினதையும் உன் டாக்டர் கிட்ட அடுத்த தடவையே சொல்லிடு"ன்னேன். அவ தயங்கினா. "சொந்தத்துல கட்டினதை சொன்னா தப்பா நினைப்பாங்களோக்கா, அத்தைக்கு தெரிஞ்சா வருத்தப்படுவாங்க"ன்னா.

இந்த தயக்கம் எனக்கு புரியுது, ஆனா இதை விட்டே ஆகணும். மாமன் மகனை கட்டினது குத்தம் இல்ல, யாரும் யாரையும் குறை சொல்ல இதை சொல்றதில்ல. எல்லார் உடம்புலயும் கெட்டுப் போன ஜீன் சிலது ஒத்தையா ஒளிஞ்சிருக்கு, ஒரே தாத்தா பாட்டி வழி வந்த ரெண்டு பேருக்கும் அதே ஜீன் இருக்க வாய்ப்பு கூடுது, ரெண்டு பேர் கிட்டயும் இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டருக்கு அது தெரிஞ்சா எந்த டெஸ்டை முன்னாடி பண்ணணும்னு முடிவெடுப்பாங்க, அவ்வளவு தான். நானே கூடப் போய் சொன்னேன். டாக்டர் பொறுமையா கேட்டு, குழந்தை பிறந்ததும் பிசிஜிய நிறுத்தி வைக்க சொல்லிட்டாங்க, எண்ணிக்கையோட சேத்து டி செல்ல தூண்டிப் பாக்குற டெஸ்டும் எழுதினாங்க. பொண்ணு பிறந்தா, டி செல் நல்லா பெருகுச்சு, அதுக்கு அப்புறம் தான் பிசிஜி போட்டாங்க.

இப்படி ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியாச்சுன்னா டிரான்ஸ்பிளான்ட் தான் வழி, அதுக்கு பொருந்துற டோனர் வேணும். கூடப் பிறந்தவங்க பொருந்தலன்னா வெளிய தேடணும், பொருத்தம் பெரும்பாலும் அவங்கவங்க இனத்துல தான் கிடைக்கும், சிங்கப்பூர்ல இந்தியர்ங்க நூத்துக்கு 9 பேர் தான். போன் மேரோ டோனர் புரோகிராம் 1993ல இருந்து இங்க நடக்குது, கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சு குச்சில தடவி குடுத்தா பதிவு ஆயிடும். நம்ம பசங்க இதுல நிறைய சேரணும், நான் பாக்குற எல்லார் கிட்டயும் இதை கேட்டுக்கிட்டே இருக்கேன்.

பெரியவ குழந்தைக்கு என்ன இருந்துச்சுன்னு இனிமே சொல்ல முடியாது, ஏன்னா ஒரு துளி ரத்தம் கூட எடுத்து வைக்கல. ஜெர்மனி கேஸ்ல பத்து வருஷம் கழிச்சு ஜீன் தெரிஞ்சதுன்னா அந்தப் பிள்ளைங்களோட டி செல்ல லேப்ல வளர்த்து உறைய வச்சு பத்திரப்படுத்தினதால. அதனால ஊர்லயோ இங்கயோ நம்ம வீட்டுல ஒரு கைக்குழந்தை காரணம் தெரியாம திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன்ல ஆஸ்பத்திரில கிடந்தா, ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் டாக்டர் கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: டி செல் வேலை செய்யுதான்னு தூண்டிப் பாக்குற டெஸ்ட் பண்ண முடியுமா, டிஎன்ஏ சாம்பிள் எடுத்து வைக்க முடியுமா. பெரியவ இப்ப ரெண்டாவது குழந்தைக்கு முயற்சி பண்றா, அவளும் அவ வீட்டுக்காரரும் ஜெனட்டிக் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்திருக்காங்க, ரிசல்ட் வந்ததும் சின்னவளும் அதை எடுத்துக்கிட்டு இங்க டாக்டரை பாக்கப் போறா.